ஒலியைச் சிதைக்கும் பெட்டி: ஒரு திறனாய்வு

வானொலியானாலும் ஒலிபெருக்கியானாலும், உள்ளே வரும் அலையை அதன் வடிவம் மாறாமல் வெளியே தருவதே நல்ல கருவிக்கு இலக்கணம் என்று பாடநூல்கள் கூறுகின்றன. வடிவம் மாறினால் அதற்குச் 'சிதைவு' என்று பெயர். சிதைவு ஒரு குறை. இயன்றவரை குறைக்கப்பட வேண்டியது. தேர்வில் இவ்வாறு எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

அவ்வாறிருக்க, நல்ல ஒலியை வேண்டுமென்றே சிதைப்பதற்காக ஒரு பெட்டியைச் செய்து, அதற்கு ஆயிரக்கணக்கில் விலையும் வைத்திருக்கிறார்கள். இசைக் கலைஞர்களும் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள் என்றால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கும் அன்றோ? காலால் மிதித்து இயக்கும் இச்சிறு பெட்டியைப் 'பெடல்' என்கிறார்கள். கித்தாருக்கும் அதன் பெருக்கிக்கும் நடுவே இதை இணைக்கிறார்கள். மிதித்தால் ஒலி கரகரத்து உறுமும். மறுபடி மிதித்தால் பழைய தெளிவு திரும்பும்.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் சிதைவைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். கல்லூரி இசைக்குழுவில் பேஸ் கித்தார் வாசிப்பவன். "சார், கித்தார் வாசிக்கிற பையனிடம் பெடலை இரவல் வாங்கி என் பேஸில் போட்டுப் பார்த்தேன். நன்றாக உறுமுகிறது. ஆனால் அடி ஒலி காணாமல் போய்விட்டது. ஏன் சார்?" என்று கேட்டான். "அலையின் தலையை வெட்டினால் அடியும் போகத்தானே செய்யும்? சிதைவு என்றாலே இழப்புத்தான்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன்.

அந்த விடை எளிதாக இருந்தது. ஆனால் தவறாக இருந்தது. இக்கட்டுரை அதன் திருத்தம். பேஸ் கித்தாருக்கென விற்கப்படும் சிதைப்புப் பெடல்களை எதைக் கொண்டு மதிப்பிடுவது, எவற்றைப் பாராட்டுவது, எவற்றை ஒதுக்குவது என்பதையும் இதில் காண்போம்.

பேஸ் கித்தாரின் பணி

பேஸ் கித்தாரைத் தனியே கவனித்துக் கேட்டவர்கள் குறைவு. ஆயினும் நம் திரைப்படப் பாடல்களில் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு, பாட்டிற்கு அடித்தளம் போடுவதுபோல் நடக்கும் தடித்த ஒலியை அனைவரும் அறிவர். அமெரிக்காவில் லியோ பெண்டர் 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'பிரெசிஷன் பேஸ்' என்னும் கருவியோடு இது பரவத் தொடங்கியது. பொதுவாக நான்கு தந்திகள். அவற்றின் அதிர்வெண்கள், தடித்த தந்தியிலிருந்து தொடங்கினால், ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். சாதாரணக் கித்தாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதாவது பேஸின் அடித்தந்தி அதற்கும் ஒரு முழு ஸ்தாயி கீழே இருக்கிறது.

இந்த 41 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

பழுதில் பிறந்த ஒலி

சிதைப்புப் பெட்டியின் வரலாறு பேஸ் கருவியிலேயே தொடங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொர்ரி' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். அதில் கிரேடி மார்ட்டின் என்பவர் ஆறு தந்திகள் கொண்ட பேஸ் கித்தார் வாசித்தார். ஒலிக்கலவை மேசையில் அவர் இணைந்திருந்த வழியில் பெருக்கிப் பகுதி பழுதடைந்துவிட, பாட்டின் நடுவே வரும் அவரது தனி வாசிப்பு கரகரத்த ஒலியாகப் பதிவாயிற்று. அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்வதுதான் முறை. அவர்கள் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். 1961-ல் வெளிவந்த அப்பாட்டு பெரும் வெற்றி பெற்றது.

கிளென் ஸ்னாடி என்ற ஒலிப்பதிவுப் பொறியாளர், அந்தப் பழுதை விரும்பிய போதெல்லாம் உண்டாக்கித்தரும் ஒரு டிரான்சிஸ்டர் சுற்றை ரெவிஸ் ஹாப்ஸ் என்ற பொறியாளரோடு சேர்ந்து அமைத்தார். கிப்சன் நிறுவனம் அதை வாங்கி 1962-ல் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்றது. உள்ளே இருந்தவை மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் இரண்டு பேட்டரி செல்களுமே. அதே சுற்றைத் தன் பேஸ் கித்தார் ஒன்றின் உடலுக்குள்ளேயே வைத்தும் அந்நிறுவனம் விற்றுப் பார்த்தது. தொடக்கத்தில் வாங்குவார் குறைவு. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் இதைப் பயன்படுத்திய பிறகே கடைகளில் இருந்தவை விற்றுத் தீர்ந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அக்கால நாஷ்வில் பதிவுகளில் ஆறு தந்திப் பேஸ் தனியாக அடித்தளத்தைத் தாங்குவதில்லை. நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய மரப் பேஸுக்குத் துணையாக அது ஒலிப்பதே வழக்கம். துணைக் கருவி கரகரத்தால் பாட்டிற்கு ஊறு இல்லை. அடித்தளத்தைத் தாங்கும் ஒரே கருவி கரகரத்தால் என்ன ஆகும்? நம் மாணவனின் கேள்வி இதுதான்.

வெட்டுப்பட்ட அலை

பி.எஸ்ஸி. மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் 'கிளிப்பர்' என்ற சோதனையைச் செய்திருப்பார்கள். இரண்டு டயோடுகளை எதிரெதிராகப் பக்க இணைப்பில் வைத்து, ஒரு மின்தடை வழியாகச் சைன் அலையைச் செலுத்துகிறோம். சிலிக்கன் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் நன்கு கடத்தத் தொடங்குகிறது. எனவே அலை அதற்கு மேல் உயர முடிவதில்லை; கீழும் அவ்வாறே. மலைபோல் இருந்த அலை, தலை சீவப்பட்ட மேடுபோல் ஆகிவிடுகிறது. விலையுயர்ந்த பெடல்கள் பலவற்றின் நெஞ்சும் இச்சோதனையே. முன்னே ஒரு பெருக்கியும் பின்னே சில வடிப்பான்களும் சேர்ந்திருக்கும், அவ்வளவே.

தலை சீவிய அலையில் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டினால் அடிப்படை அதிர்வெண்ணின் 3, 5, 7 முதலிய ஒற்றைப்படை மடங்குகள் தோன்றும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெட்டினால் 2, 4, 6 என்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும். இவற்றையே மேற்சுரங்கள் என்கிறோம். 41 ஹெர்ட்ஸ் தந்திக்கு 82, 123, 165, 206 என்று இவை அடுக்காக எழும்.

சரி, அடிப்படைச் சுரம் என்னவாயிற்று? அலையை முழுக்க வெட்டிச் சதுர அலையாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஃபூரியே முறைப்படி கணக்கிட்டால், அதில் உள்ள அடிப்படை அதிர்வெண்ணின் வீச்சு, சதுர அலையின் உயரத்தைப்போல் 1.27 மடங்கு வருகிறது. அதாவது அதே உயரமுள்ள சைன் அலையைவிட 27 விழுக்காடு மிகுதி! திறனைக் கணக்கிட்டால், சதுர அலையின் மொத்தத் திறனில் 81 விழுக்காடு அடிப்படைச் சுரத்திலேயே இருக்கிறது. மேற்சுரங்கள் அனைத்திற்கும் கிடைப்பது மீதி 19 விழுக்காடே.

ஆக, அலையின் தலையை வெட்டினால் அடி போவதில்லை. வகுப்பில் நான் சொன்னது பிழை. வெட்டுதல் என்ற குற்றவாளியை நாம் விடுதலை செய்தாக வேண்டும். அப்படியானால் அடி ஒலியைத் தின்றது யார்?

முதற் குற்றவாளி: மின்தேக்கி

அந்தப் பெடல் கித்தாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் விடை இருக்கிறது. கித்தார்ப் பெடல்களில் வெட்டும் பகுதிக்கு முன்பே தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்துவிடுவது வடிவமைப்பாளர்களின் பழக்கம். எடுத்துக்காட்டாக, 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த 'டியூப் ஸ்கிரீமர்' என்ற புகழ்பெற்ற பெடலின் சுற்றைப் பார்ப்போம். அதன் பெருக்கத்தை நிர்ணயிக்கும் பாதையில் 4,700 ஓம் மின்தடையும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் தொடராக உள்ளன. மின்தேக்கியின் மின்மறுப்பு அதிர்வெண் குறையக் குறைய உயரும் என்பதை நாம் அறிவோம். 1,000 ஹெர்ட்ஸில் இம்மின்தேக்கியின் மறுப்பு சுமார் 3,400 ஓம். 41 ஹெர்ட்ஸிலோ சுமார் 82,000 ஓம்! பெருக்கக் குமிழை முழுவதும் திருப்பி வைத்துக் கணக்கிட்டால், 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 95 மடங்கு பெருகுகிறது. 41 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ 7 மடங்கே பெருகுகிறது.

இதனால் உயர்ந்த ஒலி வெட்டுப்படுகிறது, தாழ்ந்த ஒலி பின்தங்கிவிடுகிறது. இது அவ்வடிவமைப்பின் குறை அன்று. கித்தாருக்கு இது பெரும் நன்மை. கித்தாரில் பல தந்திகளைச் சேர்த்து மீட்டுகிறார்கள். இரண்டு சுரங்களைச் சேர்த்து வெட்டினால் மேற்சுரங்கள் மட்டுமன்றி, அவ்விரண்டின் கூட்டலும் கழித்தலுமாகிய கலப்பு அதிர்வெண்களும் தோன்றும். 110 ஹெர்ட்ஸ் ஷட்ஜத்தையும் ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ் பஞ்சமத்தையும் சேர்த்தால் பிறப்பவை யாவும் 55-ன் மடங்குகளாக அமைந்து இசைவாகவே ஒலிக்கும். ஆனால் கித்தாரின் மெட்டுகளில் கிடைக்கும் 138.6 ஹெர்ட்ஸ் காந்தாரத்தைச் சேர்த்தால் 28.6, 81.4, 167.2 என்று ஒன்றோடொன்று ஒட்டாத அதிர்வெண்கள் பிறந்து ஒலி சேறாகிவிடும். தாழ்ந்த பகுதியை முன்கூட்டியே குறைத்துவிட்டால் இச்சேறு குறையும். மேலும், குழுவில் அடித்தளத்தைப் பார்த்துக்கொள்ளப் பேஸ் இருக்கிறதே! கித்தாருக்கு 41 ஹெர்ட்ஸ் எதற்கு?

ஆனால் பேஸ் வாசிப்பவர் அதே பெட்டியைத் தம் கருவியில் மாட்டினால், தம் வேலையைத் தாமே விட்டுவிட்டவர் ஆகிறார். நல்ல சட்டைதான், வேறொருவர் அளவுக்குத் தைத்தது.

இரண்டாம் குற்றவாளி: நம் செவி

மின்தேக்கிகளை எல்லாம் பெரியவையாக மாற்றிவிட்டால் சிக்கல் தீருமா? முழுவதும் தீராது. காரணம் நம் காதிலேயே இருக்கிறது.

நம் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1933-ல் வெளியிட்ட வளைகோடுகள் இதை எடுத்துக்காட்டின. பிற்கால அளவீடுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் அளவுள்ள மெல்லொலிக்கு இணையாக 40 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால் அதற்கு 80 டெசிபெல்லுக்குச் சற்று மேல் தேவை. 40 டெசிபெல் வேறுபாடு என்பது செறிவில் 10,000 மடங்கு! ஒலியின் அளவு கூடும்போது இவ்வேறுபாடு குறையும், ஆயினும் மறைந்துவிடாது.

எனவே சதுர அலையின் திறனில் 19 விழுக்காடு மட்டுமே பெற்ற மேற்சுரங்கள், கேட்பவர் காதில் முதலிடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பெடலை மிதித்தவுடன் ஒலி உரத்துக் கேட்பதால், வாசிப்பவர் ஒலி அளவைக் குறைக்கிறார். குறைக்கும்போது அடிப்படைச் சுரமும் சேர்ந்து குறைகிறது. மானி 'அடி இருக்கிறது' என்று சொல்லும். காது 'இல்லை' என்று சொல்லும். இரண்டும் பொய் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வாதமும் உண்டு. அதையும் கேட்க வேண்டும். ஆகஸ்ட் சீபெக் என்ற ஜெர்மானிய அறிஞர் (வெப்ப மின்விளைவால் நாம் அறிந்த தாமஸ் சீபெக்கின் மகன்) 1841-ல் சைரன் கருவிகளைக் கொண்டு சோதனைகள் செய்து, அடிப்படை அதிர்வெண் மிகமிக மெலிந்திருந்தாலும் அதன் சுருதியைக் காது உணர்கிறது என்று கண்டார். 82, 123, 165 ஹெர்ட்ஸ் ஒலிகள் சேர்ந்து கேட்டால், அங்கே இல்லாத 41-ஐ நம் செவியும் மூளையும் ஊகித்துக்கொள்கின்றன. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி 41 ஹெர்ட்ஸ் ஒலியைத் தரவே இயலாது. ஆயினும் அதில் பேஸின் சுரம் எதுவென்று நமக்குப் புரிகிறதென்றால் இவ்வூகமே காரணம். மேற்சுரங்களைக் கூட்டும் சிதைப்பு இவ்வூகத்திற்குத் துணை செய்கிறது. சிறு கருவிகளில் பாட்டுக் கேட்போருக்குப் பேஸை எடுத்துக்காட்ட ஒலிப்பதிவாளர்கள் சிறிதளவு சிதைவைச் சேர்ப்பது இதனால்தான்.

'அப்படியானால் அடிப்படைச் சுரமே தேவையில்லையே, செவிதான் நிரப்பிக்கொள்ளுமே' என்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை. செவி நிரப்புவது சுருதியை மட்டுமே. பெரிய ஒலிபெருக்கியின் முன் நிற்கும்போது மார்பிலும் தரையிலும் உணரும் அதிர்வை எந்த ஊகமும் நிரப்பாது. பேஸ் கருவியின் பாதி மதிப்பு அந்த அதிர்வில் இருக்கிறது.

மூன்றாவது இழப்பு: விரலின் குரல்

இன்னோர் இழப்பை விளம்பரங்கள் சொல்வதில்லை. பெருக்கம் 100 மடங்கு, வெட்டும் எல்லை 0.6 வோல்ட் என்றால், 6 மில்லிவோல்ட்டுக்கு மேல் வரும் எந்த ஒலியும் வெட்டுப்படும். பேஸ் கித்தாரை ஓங்கி மீட்டினால் சில நூறு மில்லிவோல்ட்டுகள் வரும்; மென்மையாக மீட்டினாலும் சில பத்துகள் வரும். இரண்டும் வெளியே ஒரே உயரத்தில்தான் வந்து நிற்கும். ஓங்கியதும் தடவியதும் ஒன்றாகிவிட்டால், விரலுக்கு வேலை என்ன? பேஸ் வாசிப்பில் தாளத்தின் உயிர் இந்த ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. பெருக்கத்தை எல்லைவரை முறுக்கி வைத்து வாசிப்போரிடம் இவ்வுயிர் கெடுவதைக் காணலாம்.

சிதைப்பே வேண்டாமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, சிதைப்பையே விலக்கிவிடலாம் என்று வாசகர்கள் எண்ணக் கூடும். அது நம் காதின் அனுபவத்திற்கே மாறானது. தம்புராவின் தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையைச் செருகி நகர்த்தி 'ஜீவா' பிடிப்பதை நாம் அறிவோம். வளைந்த குதிரையைத் தந்தி தொட்டுத் தொட்டு விலகுவதால் மேற்சுரங்கள் பெருகி ஒலி விரிகிறது. தம்புராவிலும் வீணையிலும் இப்படி மேற்சுரங்கள் பெருகுவதைப் பற்றி சி. வி. இராமன் 1921-ல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். மேற்சுரங்களை வேண்டுமென்றே கூட்டுவது இழிவான வேலை அன்று. எவ்வளவு கூட்டுவது, அடிப்படையை எப்படிக் காப்பது என்பதே கேள்வி.

இதற்கு 1965-லேயே ஒரு நல்ல விடை கிடைத்தது. பீட்டில்ஸ் குழுவினரின் 'ரப்பர் சோல்' இசைத்தட்டில், ஜார்ஜ் ஹாரிசன் இயற்றிய 'திங்க் ஃபார் யுவர்செல்ஃப்' என்ற பாட்டு உள்ளது. அதில் பால் மெக்கார்ட்னி இருமுறை பேஸ் வாசித்திருக்கிறார். ஒன்று வழக்கமான தெளிந்த பேஸ். மற்றொன்று சிதைத்த பேஸ். தெளிந்தது தாளத்தோடு கீழே நடக்கிறது. சிதைத்தது, வழக்கமாக முன்னணிக் கித்தார் நிற்கும் இடத்தில் நின்று, பாடுபவரோடு வாதாடுவதுபோல் ஒலிக்கிறது. இரண்டில் ஒன்றை நீக்கினால் பாட்டு குறைப்பட்டுவிடும். சிதைத்த பேஸ் தெளிந்த பேஸுக்கு மாற்று அன்று, அதற்குத் துணை என்பதை இப்பாட்டு காதுக்குப் புரியும்படி காட்டுகிறது. என் கருத்தில், பேஸ் சிதைப்பைப் படிக்க விரும்புவோருக்கு முதற்பாடம் இதுவே.

'யெஸ்' குழுவின் கிறிஸ் ஸ்கொயர் மேடையில் இதையே வேறு வழியில் செய்தார். தம் பேஸின் ஒலியை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்த பகுதியைப் பேஸ் பெருக்கிக்கும் உயர்ந்த பகுதியைக் கித்தார்ப் பெருக்கிக்கும் அனுப்பினார். அடி தெளிவாக நின்றது, மேற்பகுதி உறுமியது.

கலவைக் குமிழ்

1990-களின் நடுப்பகுதியிலிருந்து பேஸுக்கென்றே வந்த பெடல்களில் இக்கருத்து ஒரு குமிழாகவே இடம்பெற்றது. பாஸ் நிறுவனத்தின் ஓ.டி.பி.-3 பெடலில் 'பேலன்ஸ்' என்றும், டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரில் 'பிளெண்ட்' என்றும் அதற்குப் பெயர். தெளிந்த ஒலியையும் சிதைந்த ஒலியையும் வேண்டிய விகிதத்தில் கலப்பதே அதன் வேலை. மேலே கூறிய டியூப் ஸ்கிரீமரின் பேஸ் வடிவம் பின்னர் வந்தபோது அதிலும் 'மிக்ஸ்' என்ற குமிழைச் சேர்த்தார்கள். மாணவனின் கேள்விக்குச் செய்தவர்களே தந்த விடை அது எனலாம்.

எனினும் குமிழ் இருந்தால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. டிரான்சிஸ்டர் பெருக்கி நிலை ஒன்று அலையைத் தலைகீழாக்கும் என்பது நமக்குத் தெரியும். சிதைக்கும் பாதை அலையைத் தலைகீழாக்கி, தெளிந்த பாதை அவ்வாறு ஆக்காவிட்டால், இரண்டையும் கலக்கும்போது தாழ்ந்த அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சேர்க்கப்போய் இழந்த கதையாகும். மின்தேக்கிகளால் நேரும் கட்ட மாற்றமும் இத்தகைய தீங்கைச் செய்யும். நல்ல வடிவமைப்பில், சிதைக்கும் பாதையிலிருந்து தாழ்ந்த பகுதியை வடிப்பானால் நீக்கி, அப்பொறுப்பைத் தெளிந்த பாதையிடம் மட்டுமே விடுகிறார்கள்.

இதை அறியக் கருவி ஏதும் வேண்டா. அடித்தந்தியை மீட்டிக்கொண்டே கலவைக் குமிழைத் தெளிந்த முனையிலிருந்து மெல்லத் திருப்புங்கள். நடுவில் எங்கேனும் அடி ஒலி குழி விழுந்தாற்போல் குறைந்தால், இரு பாதைகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். அப்பெடலை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

விதிக்கு ஒரு விலக்கு

தெளிந்த ஒலி கூடவே இருக்க வேண்டும் என்பதை மாறா விதியாகச் சொல்லலாமா? 1983-ல் வெளிவந்த மெட்டாலிக்கா குழுவின் முதல் இசைத்தட்டில் கிளிஃப் பர்ட்டன் வாசித்த 'அனெஸ்தீசியா' என்ற தனி வாசிப்பைக் கேட்டால் தயக்கம் வரும். பேஸ் ஒன்றே, அதுவும் மிகுந்த சிதைப்போடு, முன்னணிக் கருவியாக ஒலிக்கிறது. பிற்பகுதியில் முரசு சேர்கிறது. அடித்தளம் மெலிந்திருப்பது உண்மை. ஆனால் அங்கே தாங்குவதற்கு மேலே வேறு கருவி இல்லை. தூண் இல்லாததால் கூரை விழும் என்று கூரையே இல்லாத இடத்தில் அஞ்ச வேண்டியதில்லை. எனவே விதியைச் சற்றுத் திருத்திச் சொல்வோம்: பேஸ் எந்த வேலையைச் செய்கிறதோ, அந்த வேலைக்குத் தேவையானதைச் சிதைப்பு பறிக்கக் கூடாது.

விற்பனைச் சொற்கள்

பெடல் விற்போர் கூறும் சில சொற்களையும் உரைத்துப் பார்க்க வேண்டும். 'வால்வு என்றால் இரட்டைப்படை மேற்சுரம், அதனால் இனிமை. டிரான்சிஸ்டர் என்றால் ஒற்றைப்படை, அதனால் கடுமை' என்பது அவற்றுள் ஒன்று. மேற்சுரங்களின் வகையை நிர்ணயிப்பது வெட்டின் சமச்சீர்மை. உறுப்பின் பெயர் அன்று. இரண்டு வால்வுகளை 'புஷ்-புல்' முறையில் சமமாக இணைத்தால் இரட்டைப்படை மேற்சுரங்கள் நீங்கிவிடும். இரண்டு டயோடுகளோடு ஒரு புறத்தில் மூன்றாவது டயோடைத் தொடராகச் சேர்த்தால், குறைகடத்தியிலேயே இரட்டைப்படை மேற்சுரங்கள் வந்துவிடும்.

ஜெர்மானியத்தின் பெருமை மற்றொன்று. ஜெர்மானியம் டயோடு சிலிக்கனைவிடக் குறைந்த மின்னழுத்தத்தில், மெல்ல மெல்லக் கடத்தத் தொடங்குவதால் வெட்டின் விளிம்பு சற்று மழுங்கும் என்பது உண்மை. ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கசிவு மின்னோட்டம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ இருமடங்காகிறது. குளிர்பதன அறையில் இனிமையாக ஒலித்த பெட்டி, சித்திரை மாத மேடையில் வேறாக ஒலிக்கும். பழைமைக்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

முடிவாக மூன்று கேள்விகள்

பேஸ் கித்தாருக்கான சிதைப்புப் பெடலை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். முதலாவது, பெடலை மிதித்த பின்பும் அடித்தந்தியின் கனம் நிற்கிறதா? இரண்டாவது, மென்மையாக மீட்டுவதும் ஓங்கி மீட்டுவதும் வேறுவேறாகக் கேட்கின்றனவா? மூன்றாவது, குழுவோடு வாசிக்கும்போது அந்த உறுமல் பாட்டிற்கு எதையேனும் சேர்க்கிறதா, அல்லது பிசகிய சுரங்களை மூடி மறைக்கிறதா? முதல் இரண்டிற்கு இயற்பியல் விடை தரும். மூன்றாவதற்குச் செவியும் நேர்மையும்தான் விடை தர வேண்டும்.

பெடலை வாங்க இயலாத மாணவர்கள் வருந்த வேண்டியதில்லை. 10,000 ஓம் மின்தடை ஒன்று, சிலிக்கன் டயோடுகள் இரண்டு, ஆய்வுக்கூடத்தின் அலை இயற்றி, ஆசிலாஸ்கோப், ஒரு சிறு பெருக்கி ஆகியவை போதும். 100 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் செலுத்தி வெட்டிப் பாருங்கள். திரையில் காண்பதைக் காதாலும் கேளுங்கள். ஒலி அளவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்குவது செவிக்கும் ஒலிபெருக்கிக்கும் நல்லது. பிறகு வெட்டாத அலையையும் சேர்த்துக் கலந்து கேளுங்கள். இக்கட்டுரை சொன்னதை அந்த அரை மணி நேரம் இன்னும் தெளிவாகச் சொல்லிவிடும்.

அந்த மாணவனை அழைத்து என் பிழையை ஒப்புக்கொண்டபோது அவன் சிரித்தான். அதற்குள் அவனே தெளிந்த ஒலிக்கென ஒரு தனிப் பாதை போட்டு, இரண்டையும் கலந்து வாசிக்கத் தொடங்கியிருந்தான். கணக்கு தெரியாமல் காதாலேயே கண்டுபிடித்திருக்கிறான். இப்போது வகுப்பில் அவ்வரியை நான் சற்று மாற்றிச் சொல்கிறேன்: சிதைவு என்பது அலையின் வடிவம் மாறுவது. அது குறையா அன்றா என்பதைச் சொல்ல, அந்த ஒலி என்ன வேலைக்காக எழுப்பப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும்.